தையலறைத் தபால்: அம்மா புடவையில் கத்திரி வைக்கலாமா?

போன இதழில், துண்டுத்துணியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு தபால் வரும் என்று நினைக்கவில்லை. டர்பனைச் சுற்றி மட்டும் இல்லை, ஜொகானஸ்பர்க் பக்கமிருந்தும் போர்ட் எலிசபெத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். கராஜிலும் சாப்பாட்டு மேசையிலும் மெஷினை வைத்துக்கொண்டு இத்தனை பேர் குவில்ட் தைக்கிறீர்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சுத்தகடு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் அது குவில்ட். நடுவில் இருப்பதைக் கடையில் பேட்டிங் என்று கேட்க வேண்டும், கிரிக்கெட் இல்லை. பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன். சரி, கடிதங்களுக்குப் போகலாம்.

கேள்வி (வெருலம்): அம்மா இறந்து வருடத் திவசமும் முடிந்துவிட்டது அக்கா. அலமாரியில் 30 புடவை இருக்கிறது. நாங்கள் நான்கு பெண்கள், கல்யாணம் காவடி தவிர யாரும் புடவை கட்டுவதில்லை. எல்லாவற்றையும் வெட்டி ஆளுக்கு ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்றேன். பெரிய அக்கா, அம்மா புடவையில் கத்திரி வைத்தால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். வெட்டலாமா, வேண்டாமா?

பதில்: அவர் சரி என்று சொல்லும்வரை வெட்டாதீர்கள். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் 'எல்லாவற்றையும் வெட்டி' என்று நீங்கள் சொன்னதில்தான் அவர் மிரண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அகலம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். 15.2 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் அகலத்தில் 7 சதுரம் வரும். ஒரு புடவையிலிருந்து ஆளுக்கு 4 சதுரம் எடுத்தால் போதும், நான்கு பேருக்கு 16, அதற்கு மூன்று வரிசை வெட்ட வேண்டும், அதாவது அரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 30 புடவையிலும் இப்படி எடுத்தால் ஒரு போர்வைக்கு 120 சதுரம் சேரும். பத்துக்குப் பன்னிரண்டாக அடுக்கித் தைத்தால், பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் தையலுக்குப் போக, 140க்கு 168 சென்டிமீட்டர் வரும். சோபாவில் காலை நீட்டிப் போர்த்திக்கொள்ள அது தாராளம். ஒவ்வொரு புடவையும் ஐந்து மீட்டர் மிச்சம் இருக்கும், இன்னும் கட்டிக்கொள்ளலாம். முந்தானையைத் தொடாதீர்கள். இடுப்பில் முதலில் செருகுவோமே, அந்த உள்முனையிலிருந்து வெட்டுங்கள், ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிட்டு.

கூறைப்புடவையை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் 30-இல் ஒன்று குறையும், இன்னொரு புடவையிலிருந்து கூடுதலாக எடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். மற்றப் பட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பழைய பட்டு மடிப்பு வழியாகத்தான் விட்டுப்போகும், மடிப்பில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தால் அது போர்வைக்குத் தாங்காது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாம், அல்லது மடிப்பை மாற்றி மடித்து அப்படியே வைக்கலாம். என் அனுபவத்தில் பட்டுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை, அம்மா அடுப்படியில் கட்டிய நைலான், ஜார்ஜெட் புடவைகளுக்குத்தான் சண்டை வரும். அந்தத் துணி மெஷினுக்கு அடியில் மீன் மாதிரி வழுக்கும். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற மெல்லிய உள்துணி கிடைக்கிறது, ஃபியூசிங் என்று கேளுங்கள், வெட்டுவதற்கு முன்னாலேயே அதைப் பின்பக்கம் ஒட்டிவிட்டால் நைலான் பருத்தி மாதிரிப் பேசாமல் படுத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வையுங்கள், மேலே ஒரு பழைய கைக்குட்டையை விரித்துக்கொள்ளுங்கள், நேராக வைத்தால் நைலான் உருகிவிடும். ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

நான் என் அம்மாவின் புடவைகளை வெட்டியபோது, பச்சை ஜார்ஜெட் ஒன்றை அவசரத்தில் முந்தானைப் பக்கமிருந்தே ஆரம்பித்துவிட்டேன். தோளில் சேஃப்டி பின் குத்துகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஊசி ஓட்டைகள், ஒரு கொத்து, துரு ஏறிய இரண்டு உட்பட. வெட்டியாகிவிட்டது, பிறகு என்ன செய்வது, அந்தச் சதுரத்தை அப்படியே நடுவில் வைத்துத் தைத்தேன். என் தம்பி போர்வையைப் பார்த்தவுடன் விரல் வைத்தது அந்த ஓட்டைகள் மேல்தான். உங்கள் பெரிய அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சதுரங்களை அடுக்கச் சொல்லுங்கள். எந்தப் புடவைக்குப் பக்கத்தில் எது என்று அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் தையுங்கள்.

கேள்வி (லெனேஷியா): என் மனைவி குவில்ட் தைக்க ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டு மேசை தையல் மேசையாகிவிட்டது. நானும் பிள்ளைகளும் டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். அவர் பிறந்தநாள் வருகிறது, தையலுக்கு உதவுகிற மாதிரி என்ன வாங்கித் தரலாம்?

பதில்: மேசை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்து தைக்கிற மேசை சாப்பாட்டு மேசை உயரத்தில் இருக்கலாம், துணி வெட்டுகிற மேசை நின்றபடி வெட்டத் தோதாக 90 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் குனிந்து குனிந்து வெட்டியே பாதிப் பேருக்கு இடுப்பு போய்விட்டது. மேசைக்கு இடம் இல்லையென்றால் இருக்கிற மேசைக்குக் காலடியில் வைக்க நான்கு மரக்கட்டை செய்து கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு நல்ல கத்திரிக்கோல் வாங்கி, அதை வைத்து இனிமேல் காகிதமோ மசாலா பாக்கெட்டோ வெட்ட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): மகன் கல்யாணமாகித் தனியாகப் போனதும் அவன் அறையைத் தையலறை ஆக்கினேன். சின்ன அறை, ஒரே ஜன்னல், கோடையில் சுவர் வியர்க்கிறது. துணியை அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன், போன வாரம் பிரித்தால் ஷ்வேஷ்வே துணியில் (கஞ்சி போட்டு வருகிற நம் ஊர் அச்சுப் பருத்தி) அங்கங்கே அரித்த மாதிரி இருக்கிறது. எலியா?

பதில்: எலி இல்லை, ராமபாணப் பூச்சி. இங்கே ஃபிஷ்மாத் என்பார்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், விளக்கைப் போட்டதும் மறைந்துவிடும். அதற்குப் பிடித்த சாப்பாடு காகிதமும் கஞ்சியும். நீங்கள் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து விருந்து வைத்திருக்கிறீர்கள்: அட்டைப்பெட்டி, அதற்குள் கஞ்சி போட்ட துணி. டர்பன் ஈரம் அதற்குச் சொர்க்கம்.

முதலில் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறியுங்கள். துணி எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, மொடமொடவென்று காய்ந்த பிறகுதான் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டும். அரை ஈரத்தில் மூடினால் ராமபாணம் போய்ப் பூஞ்சணம் வரும். டப்பாவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு கை நுழைகிற இடைவெளி விடுங்கள், தரையிலிருந்தும் தூக்கி வையுங்கள். வேப்பிலை, கிராம்பு எல்லாம் நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன், வாசனையாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்துருண்டை வேண்டாம், அந்த நாற்றம் பேட்டிங்கில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது, அப்புறம் அந்தப் போர்வையை யாருக்குக் கொடுப்பது?

அறையைப் பற்றி இன்னும் ஒன்று. இஸ்திரிப் பெட்டியும் மெஷினும் விளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம். இஸ்திரிப் பெட்டி ஒன்றே 2000 வாட் இழுக்கும். அதைச் சுவர்ப் பிளக்கிலேயே போடுங்கள், மற்றதெல்லாம் எக்ஸ்டென்ஷனில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தோழியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீல ஷ்வேஷ்வேயும் வெள்ளைப் பருத்தியும் சேர்த்து நட்சத்திரக் குவில்ட் தைத்துக் கொடுத்தேன். முதல் சலவையிலேயே வெள்ளை எல்லாம் வெளிர்நீலம் ஆகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் மகள்தான் போட்டோ அனுப்பினாள். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சில சாயங்களுக்கு உதவும், பருத்தியில் ஏறிய சாயத்தை அது பிடித்துவைக்காது. கைப்பிடி உப்பும் அப்படித்தான். இந்த இரண்டையும் நம்பி நானும் ஒரு குழந்தைப் போர்வையைக் கெடுத்திருக்கிறேன்.

இந்தத் துணியின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் இப்படி ஆகிறது என்று புரியும். ஷ்வேஷ்வேயில் வெள்ளைப் புள்ளியும் பூவும் மேலே அச்சடித்தவை இல்லை. துணி முழுக்க முதலில் நீலம் ஏற்றிவிட்டு, கோலம் செதுக்கிய செப்பு உருளைகள் வழியாக மெல்லிய அமிலக் கரைசலை ஓட்டி, பூ வர வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை வெளுக்கிறார்கள். அதனால் துணியில் சாயம் நிறைய, முதல் சில சலவையில் கொஞ்சம் வெளியே வந்தே தீரும். அதற்கு மேல் கஞ்சி வேறு. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த காலத்தில் கடல் ஈரம் பட்டுக் கெடாமல் இருக்கப் போட்ட கஞ்சி அது. இப்போது ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷா ஆலையிலேயே அச்சாகி வருகிறது, ஆனால் கஞ்சியை விடவில்லை, கஞ்சி இல்லாவிட்டால் வாங்குகிற பாட்டிகள் அசல் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் துணியில் பேர்போன மூன்று பூனை முத்திரைக்கான உரிமையை, அந்த ஆலையின் டா காமா நிறுவனம் 1992-இல் வாங்கியது, அந்தப் பழைய செப்பு உருளைகளும் இங்கிலாந்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. கடையில் அசலா போலியா என்று சந்தேகம் வந்தால் பின்பக்கம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கிறதா என்று சோதிக்கிறவர்களும் உண்டு. நான் விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சோசா இனப் பாட்டி அப்படிச் செய்ததைப் பார்த்து, கடைக்காரர் திரும்பிய நேரத்தில் நானும் ஒரு மூலையை நக்கிப் பார்த்தேன். கரித்தது.

இப்போது உங்கள் போர்வைக்கு வருவோம். தோழியிடம் போய் அதை வாங்கி வாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. குளியல் தொட்டி நிறையச் சூடான தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவுகிற லிக்விட் தாராளமாக ஊற்றி, போர்வை முழுக்க முங்குகிற மாதிரி அமுக்கி, இரவு முழுக்க விடுங்கள். தண்ணீர் நிறைய இருப்பதுதான் முக்கியம், வெளியே வந்த சாயம் மறுபடியும் வெள்ளையில் உட்காராமல் தண்ணீரிலேயே மிதக்க வேண்டும். காலையில் தண்ணீர் நீலமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்புங்கள். தண்ணீர் தெளியும்வரை, மூன்று தடவையானாலும் சரி, நடுவில் காயவிடாதீர்கள், டம்பிள் டிரையர் பக்கமே போகாதீர்கள். முழுக்கப் போகாவிட்டாலும் பெரும்பாலும் போகும்.

அடுத்த தடவை, வெட்டுவதற்கு முன்னாலேயே ஷ்வேஷ்வேயைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், தண்ணீர் தெளியும்வரை. அது சுருங்கவும் செய்யும், கஞ்சி போனதும் மெத்தென்று ஆகிவிடும். அளவிலும் ஏமாறாதீர்கள், இதன் அகலம் 90 சென்டிமீட்டர்தான், மற்றக் குவில்ட் துணி 110 சென்டிமீட்டர் இருக்கும். புத்தகத்தில் 5 மீட்டர் என்று போட்டிருந்தால் நீங்கள் 6 மீட்டருக்கு மேல் வாங்க வேண்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): 2023-இல் ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போனபோது, ஆயாவின் கையால் சுற்றுகிற சிங்கர் மெஷினைக் கட்டிலடியிலிருந்து எடுத்தேன். சத்தம் போடுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். கொஞ்ச நாள் ஓடியது, இப்போது சக்கரமே அசையவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: ஐயோ வேண்டாம், ஆயா மெஷின் சாகவில்லை, தொண்டை அடைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகிவிடும், சமையல் எண்ணெய் எதுவுமே மெஷினுக்கு ஆகாது. பாபினை எடுத்துவிட்டு, மெஷினைச் சாய்த்து, எண்ணெய் விடுகிற ஓட்டைகளிலும் அடியில் உலோகம் உலோகத்தோடு உரசுகிற எல்லா இடத்திலும் ஒரு சொட்டு ஒரு சொட்டாகப் பாரஃபின் விடுங்கள், அதாவது நம் மண்ணெண்ணெய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்போ ஊதுவத்தியோ பக்கத்தில் வேண்டாம். மேலே இருக்கிற தங்கப்பூ அலங்காரத்தில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போனால் திரும்ப வராது. ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், பலவந்தம் பண்ணாமல் ஆட்டிப் பாருங்கள். இளகியதும் பழந்துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் என்றே விற்கிறார்களே, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், அதை விடுங்கள். ஒரு துண்டுத்துணியில் சும்மா ஓட்டிப் பாருங்கள், கறுப்பு எண்ணெய் வருவது நிற்கும்வரை நல்ல துணி வேண்டாம்.

ஒட்டுத்துணி தைக்க அந்த மெஷினை அடிக்க ஆள் இல்லை. நேர்த்தையல் ஒன்றுதான் அதற்குத் தெரியும், நமக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். வலது கை சுற்றுவதால் துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான், முதல் இரண்டு நாள் கோணல் மாணலாகப் போகும், அப்புறம் பழகிவிடும். அடித்தட்டில் எண் பொறித்திருக்கும் பாருங்கள், முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் 1900-இலோ அதற்குப் பிறகோ செய்தது. ஆயாவுக்கு முன்னால் அது யாரிடம் இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி (டர்பன்): தோழிக்கு முதல் பேரன் பிறந்திருக்கிறான். தொட்டிலில் போர்த்தக் குவில்ட் தைக்கிறேன், கண்ணுக்குப் பட்டன் வைத்து யானை போடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பட்டன் வேண்டாம், பிய்த்து வாயில் போடும். யானைக் கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். ஒரு வயது வரை தூங்குகிற குழந்தைக்கு மேலே குவில்ட், தலையணை எதுவும் போடக் கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், மூச்சுக்கு ஆபத்து. அதனால் தரையில் விரித்துக் குழந்தை குப்புறப் படுத்துப் புரளுகிற விரிப்பாகத் தையுங்கள், ஒரு மீட்டர் சதுரம் போதும். தோழியிடமும் மருமகளிடமும் இதைச் சொல்லியே கொடுங்கள். நம் ஊரில் குழந்தை வெளியே வந்தால் மூன்று போர்வை சுற்றாமல் ஆயாக்கள் விடமாட்டார்கள்.

கேள்வி (போர்ட் எலிசபெத்): நாங்கள் ஆறு தோழிகள். மண்டேலா தினத்துக்கு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க, ஆளுக்குக் கொஞ்சம் பிளாக் (ஒட்டுத்துணிச் சதுரம்) தைத்து ஒன்றாகச் சேர்க்கலாம் என்று பேசினோம். எல்லாரும் 'பன்னிரண்டு இன்ச்' என்றுதான் தைத்தோம், கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று சேரவே இல்லை. இப்போது யார் தப்பு என்று பேச்சு வந்துவிட்டது.

பதில்: யார் தப்பும் இல்லை, பன்னிரண்டு இன்ச்சின் தப்பு. தைத்து முடித்த பிறகு பன்னிரண்டா, ஓரத்தையலுக்கு விட்டதையும் சேர்த்தா என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். கால் இன்ச் ஓரம் என்பதை ஒருவர் 6 மில்லிமீட்டர் என்று எடுத்திருப்பார், இன்னொருவர் மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கிற பிரெஸர் ஃபுட்டின் ஓரத்தை வைத்துத் தைத்திருப்பார், அது சில மெஷினில் 7, 8 மில்லிமீட்டர் வரும். ஒரு பிளாக்கில் எட்டுத் தையல் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் போகும், மொத்தம் பதினாறு மில்லிமீட்டர் காணாமல் போய்விடும்.

பிரிக்காதீர்கள். இருப்பதிலேயே பெரிய பிளாக் எதுவோ, அதைவிட ஒன்றரை இன்ச் பெரிதாக ஓர் அளவை முடிவு செய்யுங்கள். எல்லாப் பிளாக்குக்கும் நாலு பக்கமும் ஒரே நிறத்தில் அகலமான பட்டை வைத்துத் தைத்து, அந்த அளவுக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள். சிறிய பிளாக்குக்குப் பட்டை அகலமாகத் தெரியும், பெரியதற்கு ஒல்லியாகத் தெரியும், ஜன்னல் ஜன்னலாக அழகாகவே இருக்கும். வெட்டுகிற வேலையை ஒரே ஆள், ஒரே ஸ்கேல், ஒரே ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டுகிற வட்டக் கத்தி) வைத்துச் செய்யட்டும். அந்தக் கட்டரைக் கீழே வைக்கும்போதெல்லாம் பிளேடை மூடச் சொல்லுங்கள், அது விரலுக்கும் துணிக்கும் வித்தியாசம் பார்க்காது.

ஜூலை 18-க்கு இன்னும் நாள் இருக்கிறது. 67 நிமிடம் என்று அன்றைக்குச் சொல்வார்களே, மண்டேலா பொதுவாழ்வில் இருந்த 67 வருடத்துக்காக, அந்தக் கணக்கில் குவில்ட் தைக்க முடியாது, ஓரப்பட்டி பிடிக்கவே அதைவிட நேரம் ஆகும். 2013 கடைசியில் அவருடைய உதவியாளராக இருந்த செல்டா லா கிராஞ்ச், கேரலின் ஸ்டேன் என்ற பெண்ணிடம் மண்டேலா தினத்துக்கு 67 போர்வை செய்து தர முடியுமா என்று கேட்டார், தனியாளாக முடியாது என்று அவர் மற்றவர்களைக் கூப்பிடப் போய், நாடு முழுக்கப் பின்னுகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சதுரமும் முதலில் ஒரே அளவில் வந்திருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதானால் கனமான பேட்டிங் வேண்டாம், அங்கே பெரிய மெஷினில் சூடாகத் துவைப்பார்கள், சீக்கிரம் காய வேண்டும். கையால் அழகாகத் தைத்து வைத்துக்கொண்டிருக்காமல் மெஷினிலேயே நெருக்கமாகத் தையல் ஓட்டிக் கொடுங்கள். (உங்கள் ஊருக்கு 2021-இல் Gqeberha என்று பெயர் மாறிவிட்டது தெரியும், அந்த முதல் எழுத்துக்கு நாக்கைச் சொடுக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.)

கேள்வி (டோங்காட்): நெருங்கிய தோழிக்கு மூன்று மாதம் உட்கார்ந்து, கையாலேயே தையல் ஓட்டி ஒரு குவில்ட் கொடுத்தேன். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனால் வராந்தாவில் அது நாய்க்குக் கீழே கிடக்கிறது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் டீ குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பிரிந்துவிட்டோம். ராத்திரி தூக்கம் வரவில்லை. இதற்கிடையில் இன்னொரு தோழி, 'எனக்கும் ஒன்று, சின்னதாக இருந்தால் போதும்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: வயிறு எரிந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கொடுத்த அன்றைக்கே அது அவருடைய துணி, அவர் வீட்டில் அது யாருக்குக் கீழே கிடக்கும் என்பது அவர் வீட்டு விஷயம். நாய்க்குக் கீழே கிடக்கிறது என்றால் அதற்கு முன்னால் எங்கே கிடந்தது என்று யோசித்தீர்களா? நாய் தானாகவே கட்டிலில் ஏறி இழுத்து வந்திருக்கலாம். நாய்க்கு எது மெத்தென்று இருக்கிறது என்று நன்றாகவே தெரியும், மூன்று மாதம் கையால் ஓட்டிய தையலின் அருமை அந்த வீட்டில் அதற்காவது தெரிந்திருக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று எனக்கு நடந்தது. என் நாத்தனாருக்கு ஒரு குவில்ட் கொடுத்தேன், ஊதாவும் மஞ்சளும், நான் தைத்ததிலேயே நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் அதை வந்த ஜிப் பையிலிருந்தே எடுக்கவில்லை. விசேஷத்துக்கு என்று அலமாரி மேலே வைத்தார். ஒன்பது வருடம். விருந்தாளி வந்தாலும் எடுக்கவில்லை, அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோதும் எடுக்கவில்லை. கடைசியில் வீடு மாற்றும்போது நானே பிரித்தேன், மடிப்பு மடிப்பாக மஞ்சள் பழுத்து, பைக்குள் அடைந்த ஈரத்தில் ஓரமெல்லாம் புள்ளி விழுந்திருந்தது. 'எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் பார்' என்றார். உங்கள் தோழியின் நாய் எவ்வளவோ தேவலை.

தோழியிடம் போய்ச் சாதாரணமாக, 'அது உனக்குப் பாரமாக இருந்ததா, நிறம் பிடிக்கவில்லையா?' என்று கேளுங்கள். நாம் கொடுப்பவர்கள் பல நேரம் அவர்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று பார்க்காமல் நமக்குப் பிடித்த நிறத்தில் தைத்துக் கொடுத்துவிடுகிறோம். டர்பன் பக்கத்துக் கோடையில் கனமான பேட்டிங் வைத்துக் கொடுத்தால் யார் போர்த்துவார்கள்? பிரிட்டோரியாவில் ஜூன் மாதக் குளிரில் வேண்டுமானால் கேட்டு வாங்குவார்கள்.

இன்னொரு தோழிக்கு நான் வைத்திருக்கிற பரீட்சையைச் சொல்கிறேன். முதலில் ஒரு பிடிதுணி தைத்துக் கொடுங்கள், சட்டி இறக்குவதற்கு, இரண்டு சதுரமும் நடுவில் கொஞ்சம் கெட்டியாகப் பருத்திப் பேட்டிங்கும், பாலியெஸ்டர் வேண்டாம், சூட்டில் உருகும். ஒரு அரைமணி வேலை. இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டு அடுப்படியில் போய்ப் பாருங்கள். பிடிதுணி சுவரில் ஆணியில் புதுசாகத் தொங்கினால் அவருக்குக் கடையில் ஒரு நல்ல போர்வை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் ஏறி, ஒரு மூலை கருகியிருந்தால், அந்தப் பெண்ணுக்குத் தாராளமாகக் குவில்ட் தைக்கலாம். அப்போதும் பேட்டிங்கையும் அடித்துணியையும் அவரையே வாங்கிவரச் சொல்லுங்கள், அவரோடு கடைக்குப் போங்கள், விலையைப் பார்த்த பிறகு 'சின்னதாக' என்ற வார்த்தையை அவர் வேறு மாதிரி சொல்லுவார்.

பின்பக்க மூலையில் ஒரு துணிப்பட்டையில் உங்கள் பெயரும் வருடமும் எப்படித் துவைக்க வேண்டும் என்பதும் எழுதித் தைத்துவிடுங்கள். நாத்தனாருக்குக் கொடுத்ததில் நான் அதைச் செய்யவில்லை, செய்திருந்தால் 'எடுத்துப் போர்த்திக்கொள்ளவும்' என்றும் சேர்த்திருப்பேன்.

கேள்வி (வெருலம், வேறொருவர்): மெஷின் ஊசியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு ஊசி என்பார்கள். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் ஊசி மெஷின் வாங்கியபோது வந்ததாகத்தான் இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் மாற்றிவிடுங்கள், ஒட்டுத்துணிக்கு 80-ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்கும் சேர்த்து ஓட்டும்போது 90-ஆம் நம்பர்.